சமுதாய ஊடகம் என்றால் என்ன? புலம்பெயர்ந்தவர்களுக்கு அது ஏன் வேண்டும்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் "சமூக ஊடகம்" என்றதும் எல்லாருக்கும் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது வேறு. ஒரு பகுதியில் வாழ்கிறவர்களோ ஒரு மொழி பேசுகிறவர்களோ தாங்களே சேர்ந்து, லாபத்துக்காக இல்லாமல், தங்களுக்காக நடத்துகிற வானொலி, பத்திரிகை, தொலைக்காட்சி நிகழ்ச்சி, இணைய ஒலிபரப்பு இதெல்லாம்தான் சமுதாய ஊடகம். "சமுதாய வானொலி" என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதனால் அந்த வழியிலேயே போகிறேன்.

ஓர் ஊடகத்தை நடத்தப் பணம் வேண்டும், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கேயிருந்துதான் பெரும்பாலும் முடிவுகளும் வரும். அரசு அல்லது பொது நிறுவனம் நடத்தினால் வரிப்பணம், வணிக நிறுவனம் நடத்தினால் விளம்பரப் பணம். சமுதாய ஊடகத்தில் சந்தா, நன்கொடை, கொஞ்சம் அரசு மானியம், உள்ளூர் விளம்பரம், மிச்சத்துக்குத் தன்னார்வலர்களின் உழைப்பு. பிரிட்டனில் 2004ல் சமுதாய வானொலிக்கென்று தனியாக ஓர் ஆணை வந்தது. லாபம் குறிக்கோளாக இருக்கக் கூடாது, அந்தப் பகுதி மக்களுக்குச் சமூகப் பயன் இருக்க வேண்டும், அந்த மக்கள் நிகழ்ச்சியிலும் நிர்வாகத்திலும் பங்கேற்க வழி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இந்தக் கடைசி நிபந்தனைதான் மற்றவற்றிலிருந்து இதைப் பிரிக்கிறது. கேட்கிறவரும் பேசுகிறவரும் ஒரே ஆட்கள்.

சரி, இது புலம்பெயர்ந்தவர்களுக்கு ஏன் தேவை?

புது நாட்டுக்குப் போய் இறங்குகிறவருக்கு அந்த நாட்டுச் செய்தி புரிய வருடங்கள் ஆகலாம். அதுவரை வாடகைச் சட்டம், பள்ளிச் சேர்க்கை, விசா விதி மாற்றம், புயல் எச்சரிக்கை எல்லாமே யாராவது சொல்லித்தான் தெரியவேண்டும், சொல்பவருக்கும் பாதிதான் தெரிந்திருக்கும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த நாட்டுச் செய்தியில் இவர்கள் வருவார்கள், ஆனால் எண்ணிக்கையாகத்தான் வருவார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள், எந்தத் தெருவில் கூட்டம் அதிகமானது என்று வரும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கருத்துக் கேட்பார்கள், அதிகாரியிடம் கேட்பார்கள், ஆய்வாளரிடம் கேட்பார்கள், பேசப்படுகிற ஆளிடம் மட்டும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் மொழிபெயர்ப்பில் இரண்டு வரி வரும்.

இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஒரு வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கிறது. "குரல் கொடுப்பது" என்றால் நம் வழக்கில் ஒருவருக்காக இன்னொருவர் பேசுவது. நல்ல காரியம்தான், ஆனால் அதில் பேசுகிறவர் வேறு, பாதிக்கப்பட்டவர் வேறு. சமுதாய ஊடகம் செய்ய வேண்டியது அவரே பேசுவதற்கு ஓர் இடமும் அரை மணி நேரமும் ஒரு மைக்கும் தருவது. அவர் என்ன பேச வேண்டும் என்பதையும் அவரிடமே விட்டுவிடுவது.

ஒரே நகரத்தில், ஒரே வருடத்தில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தது. 1975, மெல்போர்ன். ஆஸ்திரேலிய அரசு மெடிபேங்க் என்ற பொது மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. இத்தாலி, கிரீஸ், துருக்கி, யூகோஸ்லாவியா என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கில அறிவிப்பு போய்ச் சேராது என்பதால், அதை விளக்க அவர்கள் மொழிகளில் ஒலிபரப்பலாம் என்று சிட்னியில் 2 ஈஏ, மெல்போர்னில் 3 ஈஏ என்று இரண்டு நிலையங்களைத் தற்காலிகமாகத் தொடங்கினார்கள். அந்த விதையிலிருந்து வளர்ந்ததுதான் எஸ்பிஎஸ் என்ற ஆஸ்திரேலியாவின் பன்மொழிப் பொது ஒலிபரப்பு நிறுவனம். இன்று அதன் வானொலி அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஒலிபரப்பாகிறது, தமிழும் அதில் உண்டு. பெரிய சாதனைதான். ஆனால் அதன் தொடக்கம் "அரசு சொல்கிறது, நீங்கள் கேளுங்கள்" என்பதுதான்.

அதே வருடம் அதே மெல்போர்னில் 3 இசட் இசட் என்று இன்னொரு நிலையம் வந்தது. பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி தன் ஒலிபரப்பு வசதியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. குடியேறியவர்களின் மொழிக் குழுக்கள் உள்ளே வந்து தங்கள் நிகழ்ச்சியைத் தாங்களே தயாரித்தார்கள், தொழிற்சாலைப் பிரச்சினையும் பேசினார்கள், அரசியலும் பேசினார்கள். 1977ல் அரசு அதை மூடிவிட்டது. மக்கள் சும்மா இருக்கவில்லை. 1979ல் பிரிஸ்பேனில் 4 ஈபி, 1989ல் மெல்போர்னில் 3 இசட் இசட் இசட் என்று மொழிக் குழுக்களே நடத்துகிற நிலையங்கள் வந்தன, இரண்டும் இன்றும் ஓடுகின்றன. என்னைக் கேட்டால் எஸ்பிஎஸ்ஸும் வேண்டும், இவையும் வேண்டும். ஒன்று இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

இனி எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன், ஜப்பானின் கோபே நகரம்.

1995 ஜனவரி 17 அதிகாலை, மணி 5.46. பெரும் நிலநடுக்கம், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகாதா என்ற பகுதி தீப்பிடித்து எரிந்தது. காலணி செய்யும் சிறு பட்டறைகள் நிறைந்த பகுதி அது. பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த கொரியர்களும், அகதிகளாக வந்த வியட்நாமியர்களும் அந்தப் பட்டறைகளில் வேலை செய்தார்கள். கொரியர்களுக்கு நிலநடுக்கம் என்றால் இன்னொரு பயமும் உண்டு. 1923ல் தோக்கியோ பக்கம் நடந்த பெரும் நிலநடுக்கத்தின்போது கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி பரவி, ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். அந்த நினைவு வீட்டுக்கு வீடு இருந்தது. வீடு இடிந்து, தெருவில் நிற்கும்போது, அடுத்து என்ன வதந்தி வருமோ என்ற பயத்தோடும் நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதின்மூன்று நாள் கழித்து, ஜனவரி 30 அன்று, ஒரு சின்ன ஒலிபரப்பியை வைத்துக் கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் ஒரு வானொலி பேசத் தொடங்கியது. அதன் பெயர் எஃப்எம் யொபொசெயோ. கொரிய மொழியில் போனை எடுத்தால் சொல்கிற "ஹலோ"தான் யொபொசெயோ. உரிமம் கிடையாது, காத்திருக்க நேரமும் கிடையாது. ஏப்ரலில், எரிந்துபோன தகாதோரி தேவாலய வளாகத்திலிருந்து எஃப்எம் யூமென் என்ற இன்னொன்று, வியட்நாமிய மொழியை முன்வைத்து இன்னும் சில மொழிகளிலும் தொடங்கியது. அந்தப் பெயர் வியட்நாமிய மொழியில் அன்பைக் குறிக்கும் சொல். ஜூலையில் இரண்டும் ஒன்றாகி எஃப்எம் ஒய்ஒய் ஆனது, இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளும் சேர்ந்து. அதை "வைவை" என்று வாசிப்பார்கள், ஜப்பானிய மொழியில் அது பலர் கூடிக் கலகலவென்று பேசுகிற சத்தம். நிலநடுக்கம் நடந்து சரியாக ஒரு வருடம் ஆன அன்று, 1996 ஜனவரி 17ல், முறையான ஒலிபரப்பு கையில் உரிமத்தோடு தொடங்கியது.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற விஷயம் அந்த இரண்டு மொழிகள். கொரிய வானொலி கொரிய மொழியில் மட்டும் பேசியிருக்கலாம், ஜப்பானிய மொழியிலும் ஏன் பேசினார்கள்? பக்கத்து வீட்டு ஜப்பானியர் கேட்கும்போது, இவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவருக்கும் தெரிகிறது, வதந்தி வளர இடமில்லாமல் போகிறது. புலம்பெயர்ந்தவர்களின் ஊடகத்துக்கு எப்போதும் இரண்டு பக்கக் காதுகள் உண்டு, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. முதலில் உள்ளே இருப்பவர்களோடு பேச வேண்டும் என்பது என் கருத்து. உள்ளே நம்பிக்கை வராமல் வெளியே பேசினால் அது காட்சிக்கு வைத்த கலாசார நிகழ்ச்சியாக, ஆட்டமும் உணவும் மட்டுமாக முடிந்துவிடும்.

உள்ளே பேசுவது எப்படி இருக்கும் என்பதற்கு இன்னும் பழைய உதாரணம் ஒன்று. நியூயார்க்கில் 1897ல் ஈத்திஷ் மொழியில் ஃபோர்வர்ட்ஸ் என்ற நாளிதழ் தொடங்கியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தொழிலாளர்கள்தான் வாசகர்கள். 1906ல் அதன் ஆசிரியர் ஆபிரகாம் கஹான் வாசகர் கடிதங்களுக்கென்று ஒரு பகுதி தொடங்கினார், பெயரே "கடிதக் கட்டு" என்ற பொருளில்தான். மனைவியை ஊரில் விட்டுவந்தவர், முதலாளியிடம் மாட்டிக்கொண்ட தையல்காரப் பெண், வேற்று மதத்தவரைக் காதலித்தவர் என்று எல்லாரும் எழுதினார்கள், கஹானும் அவரது குழுவினரும் பதில் எழுதினார்கள். குடும்பத்தைக் கைவிட்டு ஓடிப்போன கணவர்களின் படங்களை வரிசையாகப் போட்டு "இவரைப் பார்த்தீர்களா" என்று கேட்கிற ஒரு பகுதியும் அந்தப் பத்திரிகையில் இருந்தது. வேறு எந்தப் பத்திரிகை அந்தப் பெண்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கும்?

அந்தக் கடிதப் பகுதி தொடங்குவதற்கு முன்பே, 1903ல், ஒரு அப்பா அந்த நாளிதழுக்கு எழுதினார், பையன் பேஸ்பால் விளையாடுகிறான், பெரிய ஆட்கள் பந்தின் பின்னால் ஓடுவது என்ன பைத்தியக்காரத்தனம் என்று. படிப்பு கெடாதவரை பையன் விளையாடட்டும், பிறந்த நாட்டிலேயே அவனை அந்நியனாக வளர்த்துவிடாதீர்கள் என்ற பொருளில் பதில் போனது. 1909ல் அதே நாளிதழ் மைதானத்தின் வரைபடம் போட்டு அந்த விளையாட்டின் விதிகளை ஈத்திஷ் மொழியில் விளக்கிக் கட்டுரையே வெளியிட்டது. சொந்த மொழிப் பத்திரிகை இருந்தால் புது நாட்டோடு ஒட்ட மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த வரைபடத்தைத்தான் காட்டுவேன்.

அந்தக் கடிதப் பகுதி தொடங்கி நூறு வருடம் கழித்து, 2006ல், தைவானில் வியட்நாமியர்களுக்காக ஒரு மாத இதழ் வந்தது. அப்புறம் தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களின் மொழிகளிலும் வந்தது. பக்கம் பக்கமாக வாசகர்கள் கையால் எழுதி அனுப்பிய கடிதங்கள். வேலையிடத்தை விட்டு வெளியேறி ஒளிந்து வாழ்ந்தவர்களும் எழுதினார்கள். வீட்டுக்குள்ளேயே வேலை, வெளியே போக அனுமதி இல்லை, பேச ஆள் இல்லை என்றிருக்கும் ஒருவருக்குக் கடிதம் எழுத ஒரு முகவரி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்.

இதுவரை நான் "வியட்நாமியர்கள்", "கொரியர்கள்" என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அது ஓரளவுக்குத்தான் சரி. எந்தச் சமூகத்துக்கும் ஒரே குரல் கிடையாது.

அமெரிக்காவில் மெக்சிகோக்காரர்கள் என்றால் ஸ்பானிஷ் பேசுவார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். கலிஃபோர்னியாவின் பண்ணைகளில் வேலை செய்ய வந்தவர்களில் மிஸ்தெக் போன்ற பூர்வகுடி மொழிகள் பேசுகிறவர்களும் ஏராளம், சிலருக்கு ஸ்பானிஷே சரியாக வராது. ஃபிரெஸ்னோ நகரில் ஹ்யூகோ மொராலெஸ் என்பவரின் முன்முயற்சியில் 1980 ஜூலை 4 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிய ரேடியோ பிலிங்குவே இதைப் புரிந்துகொண்டது, அவரே மிஸ்தெக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்பானிஷ், ஆங்கிலத்தோடு மிஸ்தெக் மொழிக்கென்று வாராந்திர நிகழ்ச்சி வைத்தார்கள். அது மெக்சிகோவில் அந்த மக்களின் சொந்த ஊர்களிலும் ஒலிக்கிறது. இந்தப் பக்கம் பண்ணையில் இருப்பவர் அந்தப் பக்கம் மலையில் இருக்கும் அம்மாவுக்கு வானொலியில் வாழ்த்துச் சொல்லலாம். ஃபுளோரிடாவில் தக்காளித் தோட்டத் தொழிலாளர் அமைப்பு ஒன்று 2003 டிசம்பரில் தன் சொந்த வானொலியைக் கட்டியது. இம்மொகாலி என்ற ஊர், ரேடியோ கான்சியென்சியா என்று பெயர். குறைந்த திறன் உரிமம், அதிகபட்சம் 100 வாட், ஐந்தாறு கிலோமீட்டர் போகும். அது போதும், தொழிலாளர்கள் அந்த ஐந்தாறு கிலோமீட்டருக்குள்தானே இருக்கிறார்கள். ஸ்பானிஷ், ஹெய்ட்டி கிரெயோல், மாயா மொழிகள் என்று பேசினார்கள். 2005 அக்டோபரில் வில்மா புயல் வந்தபோது பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று மற்ற வானொலிகள் பேசாத மொழிகளில் அது எச்சரித்தது.

நம் மொழியிலும் இந்தக் கதை உண்டு. 1980களில் போருக்குத் தப்பி ஐரோப்பாவுக்குப் போன ஈழத் தமிழர்கள், அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் காத்திருந்த காலத்திலேயே சிற்றிதழ்கள் நடத்தினார்கள். ஜெர்மனியிலிருந்து தூண்டில், நார்வேயிலிருந்து சுவடுகள், சுவிட்சர்லாந்திலிருந்து மனிதம், பிரான்சிலிருந்து ஓசை என்று வரிசையாக. வேலை முடிந்து வந்து, இருக்கிற அறையிலேயே தயாரித்துத் தபாலில் அனுப்பியவை. நார்வேயிலிருந்து சக்தி என்று பெண்களுக்கான இதழும் வந்தது. இவற்றில் வந்த விவாதங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். புது நாட்டின் இனவாதத்தைப் பற்றி மட்டும் அவர்கள் எழுதவில்லை, சொந்தச் சமூகத்துக்குள் இருந்த சாதி, சீதனம், ஆயுத அதிகாரம் எல்லாவற்றையும் கேள்வி கேட்டார்கள். சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மை இருக்கிறது, அதற்கும் இடம் தந்தால்தான் அது சமுதாய ஊடகம்.

இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. சமுதாய ஊடகம் என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. ஒரு குடும்பமோ ஒரு கட்சியோ ஒரு மதக் குழுவோ உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும், வேறு கருத்துச் சொல்பவர் துரோகி ஆகிவிடுவார். தாய்நாட்டு அரசியல் முழு நேரத்தையும் விழுங்கிவிடும், இரண்டு தெரு தள்ளி நடக்கிற வாடகைப் பிரச்சினைக்கு ஐந்து நிமிடம்கூட மிஞ்சாது. இதற்கு மருந்து எழுதி வைத்த விதிகள்தான். நிர்வாகக் குழுவை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பது, புகார் வந்தால் யார் விசாரிப்பது, பெண்களும் இளைஞர்களும் நிகழ்ச்சி நேரத்தில் எவ்வளவு பெறுவார்கள் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட வேண்டும், சண்டை வந்தபிறகு எழுத முடியாது.

பாதுகாப்பும் பெரிய விஷயம். ஆவணங்கள் இல்லாதவர், முதலாளியைப் பற்றிப் பேசுகிறவர், வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்தவர் இவர்களுக்குக் குரலே அடையாளம். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, சின்னச் சமூகத்தில் பேச்சு வழக்கை வைத்தே எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் எழுதிக் கொடுப்பதை வேறொருவர் வாசிக்கலாம். ஒலிபரப்புவதற்கு முன்னால் அவரிடம் போட்டுக் காட்ட வேண்டும், மனம் மாறி வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் நீக்க வேண்டும்.

நேரில் பார்த்தால் ஒரு நிகழ்ச்சி எப்படி இருக்கும்? வாரம் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், ஒரு மேசை, இரண்டு மைக். முதல் பத்து நிமிடம் உள்ளூர்ச் செய்தி. இதில்தான் உண்மையான உழைப்பு, ஏனென்றால் அரசு அறிவிப்பில் வருகிற சொற்களுக்குச் சொந்த மொழியில் சொல்லே இருக்காது. "தகுதி மதிப்பீடு" என்று நேராக மொழிபெயர்த்தால் கேட்கிற பாட்டிக்கு ஒன்றும் புரியாது. "உங்கள் வீட்டுக்கு ஒருவர் வருவார், உங்களால் தனியாகக் குளிக்க முடிகிறதா, சமைக்க முடிகிறதா என்று கேட்பார், வெட்கப்பட்டு எல்லாம் முடியும் என்று சொல்லிவிடாதீர்கள், சொன்னால் உதவி கிடைக்காது" என்று சொன்னால் புரியும். அதைச் சொல்ல அந்தப் பாட்டியின் கூச்சம் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்புறம் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, என்னவென்று புரியவில்லை என்பார் ஒருவர். அடுத்த வாரம், எனக்கும் அதே கடிதம் வந்தது, நான் இப்படிச் செய்தேன் என்று இன்னொருவர் அழைப்பார். அந்த இரண்டாவது அழைப்பு வருகிற வாரம் அந்த நிகழ்ச்சி மக்களுடையதாகிவிட்டது என்று அர்த்தம்.

இணையம் வந்தபிறகு உரிமம், கோபுரம் எதுவும் இல்லாமல் போனில் பதிவு செய்தே தொடங்கலாம். எஃப்எம் ஒய்ஒய்கூட 2016ல் அலைவரிசையை விட்டு இணையத்துக்கு மாறியது. செலவு குறையும், வேறு நாட்டில் இருக்கிற உறவினரும் கேட்கலாம். ஆனால் வானொலிப் பெட்டியைத் திருகினால் கேட்கும் என்ற எளிமை போய்விடும், வயதானவர்கள்தான் முதலில் விடுபடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒலித்துண்டாக அனுப்பினால் போய்ச் சேரும், ஆனால் அதே குழுவில் வதந்தியும் அதே வேகத்தில் வரும், அதனால் யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே குரலில் சொல்லிவிடுவது நல்லது. உங்கள் பகுதியில் ஏற்கெனவே ஒரு சமுதாய வானொலி இருந்தால், தனியாகத் தொடங்குவதற்கு முன் அங்கே போய் வாரம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள், கருவியும் பயிற்சியும் அங்கே கிடைக்கும், மற்ற மொழிக்காரர்களோடு பழக்கமும் வரும்.

இன்னொன்று, பதிவுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கோப்பின் பெயரில் தேதி, மொழி, பேசியவர் அனுமதித்தால் அவர் பெயர், எதைப் பற்றி என்று எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். 1980களின் அந்தத் தமிழ்ச் சிற்றிதழ்கள் பலவற்றை இன்று நூலகம் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் பக்கம் பக்கமாகப் படிக்க முடிகிறது என்றால், யாரோ ஒருவர் அவற்றை ஒவ்வொரு வீடு மாறும்போதும் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.